கஷ்ட காலமும் மீதியான துண்டுகளும்

(குடும்பங்களுக்கான ஞானப் பாடம்)



நமது ஆண்டவராகிய சேசுநாதர் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேருடைய பசியைத் தீர்த்த புதுமையை நாம் எல்லோரும் அறிவோம். ஞானோபதேச வகுப்பில் படிக்கிற சிறு பிள்ளைகளும் அதைத் தடங்கலின்றிச் சொல்வார்கள். ஆனால் அந்தப் புதுமையின் கடைசிப் பகுதியை நம்மில் அநேகர் கவனியாமல் விட்டுவிடுகிறோம். ஜனங்கள் எல்லோரும் சாப்பிட்டுத் திருப்தியடைந்தபின், மீதியான துண்டுகள் ஒன்றும் வீணாய்ப் போகாதபடி அவற்றைச் சேர்த்து வைக்கும்படி ஆண்டவர் தம்முடைய சீஷர்களுக்குக் கட்டளையிட்டார். அவர்களும் அப்படியே சேர்த்துப் பன்னிரண்டு கூடைகளை நிரப்பினார்கள் என்று அர்ச். அருளப்பர் தமது சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறார்.

நினைத்த மாத்திரத்தில் ஆயிரக்கணக்கான அப்பங்களை உண்டாக்க வல்லவருக்குத் துண்டுகள் எதற்கு? தாம் கொடுத்த நன்மையில் எதுவும் அற்பமானதல்ல என்று நமக்குக் காட்டுவதற்கே அவர் இப்படிச் செய்தார் என்று சொல்லலாம். நல்ல காலத்தில் முழு அப்பம் நம் கையில் இருக்கிறது. கஷ்ட காலத்திலோ துண்டுகள் மாத்திரமே கிடைக்கின்றன. அவற்றைச் சேர்க்கத் தெரிந்த குடும்பம் பிழைக்கும். சேர்க்கத் தெரியாத குடும்பத்தில் துண்டுகள் காலடியில் மிதிபட்டுப் போகும். இதுவே இந்த வாரத்துப் பாடம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

கஷ்டமே நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. வேலை போவதும், வட்டிக் கடன் கழுத்தை நெரிப்பதும், வீட்டில் ஒருவர் தீராத நோயில் விழுவதும், பெற்ற பிள்ளையைக் கல்லறைக்குக் கொண்டுபோவதும் துன்பங்களே. நமது ஆண்டவரும் லாசருடைய கல்லறையின் முன்னே கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் தாமே அவனை உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும் அழுதார். ஆகையால் அழுகிறவனைப் பார்த்து, “இதிலும் ஏதோ நன்மை இருக்கிறது, அழாதே” என்று சொல்லுவது கிறிஸ்தவ ஆறுதல் ஆகாது. அவனோடு கூட உட்கார்ந்து அழுவதே முதல் ஆறுதல்.

சர்வேசுரனை நேசிக்கிறவர்களுக்கு அவர் எல்லாவற்றையும் நன்மைக்கு ஏதுவாக நடத்துகிறார் என்று அர்ச். சின்னப்பர் உரோமருக்கு எழுதிய நிருபத்தில் போதிக்கிறார். எல்லாமே நன்மை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தீமை தீமைதான். அந்தத் தீமையின் நடுவிலும் சர்வேசுரன் சும்மா இருக்கிறதில்லை என்பதே நமது விசுவாசம். அவர் செய்கிற வேலையோ பெரும்பாலும் அடுப்பங்கரையிலும், திண்ணையிலும், நோயாளியின் பாயருகிலும் மிகச் சிறிய அளவில் நடக்கிறது. இதற்கு ஒரு குடும்பத்தின் சரித்திரத்தையே சாட்சியாக வைப்போம்.

அலான்சோன் நகரத்துக் குடும்பம்

பிரான்சு தேசத்தில் அலான்சோன் என்ற ஊரில் லூயி மார்த்தேன் என்ற கடிகாரக்காரரும் செலி என்ற அம்மாளும் 1858-ம் வருஷம் ஜூலை மாதத்தில் விவாகம் செய்துகொண்டார்கள். லூர்து நகரில் தேவமாதா காட்சி கொடுத்ததும் அதே வருஷத்தில்தான். இவர்களே குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளைப் பெற்றவர்கள்.

அர்ச்சியசிஷ்டவளைப் பெற்ற வீடென்றால் அங்கே எப்போதும் சமாதானமும் சுகமும் குடிகொண்டிருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். நடந்தது வேறு. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களில் நால்வர் 1867-க்கும் 1870-க்கும் இடையில், நான்கே வருஷத்துக்குள், ஒருவர்பின் ஒருவராய் மரித்தார்கள். மூன்று பேர் கைக்குழந்தைகள்; ஒருத்தி ஐந்து வயதுச் சிறுமி. பிறகு யுத்தம் வந்தது. 1871-ம் வருஷம் ஜனவரியில் பிரஷ்யப் படை அந்த ஊரைப் பிடித்துக்கொண்டபோது, இவர்கள் வீட்டில் மாத்திரம் ஒன்பது சிப்பாய்கள் தங்கவைக்கப்பட்டார்கள். இதற்கெல்லாம் நடுவில் செலி அம்மாளுடைய மார்பில் ஒரு கட்டி மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது.

இந்த அம்மாள் சும்மா இருந்தவளல்ல. அலான்சோன் சரிகைப் பின்னல் உலகப் பிரசித்தி பெற்றது. பல பெண்கள் தங்கள் தங்கள் வீட்டில் ஊசியும் நூலும் கொண்டு சிறு சிறு துண்டுகளாக அதைப் பின்னிக் கொண்டுவருவார்கள். அந்தத் துண்டுகளை இணைத்த இடம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒன்றாய்ச் சேர்ப்பதுதான் மிகவும் கடினமான வேலை. அந்த வேலையைச் செலி அம்மாள் தன் கையில் வைத்திருந்தாள். வீட்டிலும் அவள் செய்தது அதே வேலைதான் என்பதை அவள் எழுதிய கடிதங்களிலிருந்து அறிந்துகொள்ளுகிறோம். அப்படிப்பட்ட கடிதங்கள் 200-க்கு மேல் இன்றும் பத்திரமாய் இருக்கின்றன. அவற்றில் பிரசங்கம் அதிகம் இல்லை. பிள்ளைக்குப் பல் முளைத்தது, வேலைக்காரி கோபித்துக்கொண்டது, தைத்த பாவாடை, வராத பணம் ஆகிய இவைதான் நிறைந்திருக்கின்றன. அவற்றிலிருந்து நான்கு துண்டுகளை எடுத்துப் பார்ப்போம்.

முதல் துண்டு: சந்தையிலே சிரித்த குழந்தை

தெரேசம்மாள் 1873-ம் வருஷம் ஜனவரி 2-ம் தேதி பிறந்தாள். தாயின் பால் அவளுக்குக் கிடைக்கவில்லை. குழந்தை சாகும் தறுவாயில் இருந்தபோது, தாய் விடியற்காலையில் கால்நடையாகப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய் ஒரு குடியானவப் பெண்ணைப் பால் கொடுக்க அழைத்துவந்தாள். குழந்தை பிழைத்தது. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கிராமத்திலேயே வளர வேண்டியதாயிற்று. தாய்க்கு இது எவ்வளவு மனவருத்தம் என்று தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை.

சந்தை நாளில் பால் கொடுத்த அந்தப் பெண் வெண்ணெய் விற்க ஊருக்குள் வருவாள். ஒருநாள் குழந்தையைத் தாயின் வீட்டில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனாள். குழந்தையோ பெற்ற தாயிடம் இருக்கமாட்டேன் என்று வீறிட்டு அழுதது. கடைசியில் வேலைக்காரி அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கே போனாள். தன்னை வளர்த்தவளைக் கண்டதும் குழந்தை சிரித்தது. மத்தியானம் வரைக்கும் வெண்ணெய்க் கடையிலேயே சந்தோஷமாய் இருந்தது.

தன் பிள்ளை தன்னை விட்டு இன்னொருத்தியை நாடுவதைக் கண்ட தாய் மனம் கசந்திருக்கலாம். செலி அம்மாளோ இதை வேடிக்கையாக எழுதித் தன் வீட்டாருக்கு அனுப்பினாள். நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு ஐந்தாவது பிள்ளை யார் மடியிலாவது சிரித்தால் போதுமாயிருந்தது.

இரண்டாம் துண்டு: படிக்கட்டில் ஒரு குரல்

சற்று வளர்ந்து வீடு திரும்பிய குழந்தை தெரேசம்மாள் மாடிப்படியில் தனியாக ஏறப் பழகினாள். ஒவ்வொரு படிக்கும், “அம்மா!” என்று கூப்பிடுவாள். “ஏன் கண்ணு?” என்று தாய் ஒவ்வொரு முறையும் பதில் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் மேலும் ஏறமாட்டாள், கீழும் இறங்கமாட்டாள், அப்படியே நின்றுவிடுவாள். எத்தனை படியோ அத்தனை “அம்மா”, அத்தனை பதில்.

கையில் முடிக்கவேண்டிய வேலை, உடம்பில் வலி, மனதில் மரித்த பிள்ளைகளின் நினைவு, இத்தனையோடும் அந்தத் தாய் படிக்கு ஒரு பதில் கொடுத்தாள். இது புண்ணியம் என்று அவள் நினைத்திருக்கவும் மாட்டாள். ஆனால் வருஷங்கள் கழிந்தபின், கார்மேல் மடத்தில் தெரேசம்மாள் தன் இளம் பருவத்தைப் பற்றி எழுதும்போது இந்தப் படிக்கட்டை மறவாமல் குறித்து வைத்தாள். அதுமாத்திரமல்ல. மடத்தில் தன்னிடம் பயிற்சி பெற்ற ஒரு கன்னிகைக்கு ஞான காரியத்தைக் கற்பித்தபோது, படிக்கட்டின் அடியில் நின்று முதல் படியில்கூட ஏற மாட்டாமல் காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற குழந்தையையே உதாரணமாகக் காட்டினாள். குழந்தை முயற்சியை விடாமலிருந்தால், சர்வேசுரன் தாமே இறங்கிவந்து தூக்கிக்கொண்டு போவார் என்றாள். 1997-ம் வருஷத்தில் திருச்சபை வேதபாரகி என்று மகிமைப்படுத்திய ஒருத்தியின் போதகத்துக்குள்ளே ஒரு வீட்டு மாடிப்படி இருக்கிறது! சோர்ந்துபோன ஒரு தாய் கொடுத்த பதில்கள் வீண்போகவில்லை.

மூன்றாம் துண்டு: லெயோனியின் மனம் திரும்பியது

மார்த்தேன் தம்பதிகளின் மூன்றாவது மகள் லெயோனி. நோஞ்சான் பிள்ளை, படிப்பில் மந்தம், முரட்டுப் பிடிவாதம். பள்ளியிலும் நிலைக்கவில்லை. அன்பாய்ச் சொன்னாலும் கேட்கவில்லை, கண்டித்தாலும் கேட்கவில்லை. “இந்தப் பிள்ளையை என்ன செய்வேன்?” என்று கலங்காத நாள் தாய்க்குக் கிடையாது.

1876-ம் வருஷக் கடைசியில், கட்டி முற்றிவிட்டது, சத்திர சிகிச்சையால் பயனில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். 1877 பிப்ரவரியில் கன்னியர் மடத்திலிருந்த செலி அம்மாளின் அக்காளும் மரித்தாள். மோட்சத்துக்குப் போனதும் லெயோனிக்காக மன்றாடும்படி செலி அம்மாள் அவளிடம் முன்னமே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில வாரங்களுக்குள் ஓர் உண்மை வெளிப்பட்டது. வீட்டு வேலைக்காரி லெயோனியை நீண்ட நாளாய்ப் பயமுறுத்தி, தனக்கு மாத்திரம் கீழ்ப்படியச் செய்து, தாயிடம் அண்டவொட்டாமல் வைத்திருந்தாள். அந்தப் பிடிவாதத்தின் பின்னால் இருந்தது பயம். தாய் உடனே அந்தப் பிடியிலிருந்து பிள்ளையை விடுவித்தாள். அதுமுதல் பதின்மூன்று வயது லெயோனி தாயின் பக்கத்தை விட்டு நகரவில்லை. இத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்த அன்பெல்லாம் ஒரே சமயத்தில் பெருகிற்று. தாய்க்கு அப்போது இருந்தது ஐந்து, ஆறு மாத ஆயுசுதான். அந்தக் கொஞ்ச நாளில் ஒரு பிள்ளையின் இருதயத்தை அவள் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

நோய் இந்த நன்மையைக் கொடுத்தது என்று சொல்லாதீர்கள். நோய் தாயைக் கொண்டுபோயிற்று. ஆனாலும் அந்த இருண்ட மாதங்களில் சர்வேசுரன் அந்த வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். லெயோனி பிற்காலத்தில் மூன்று தடவை மடத்தில் சேர்ந்து திரும்பி வந்தாள். நான்காம் தடவை, 1899-ல், காயேன் நகரத்து மடத்தில் சேர்ந்து, கடைசிவரை நிலைத்திருந்து, 1941-ல் நல்ல மரணம் அடைந்தாள். அவளுக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுப்பதற்கான விசாரணை 2015-ல் ஆரம்பிக்கப்பட்டது. “இது உருப்படாது” என்று நாம் கைவிடுகிற பிள்ளையைப் பற்றி இனி ஒருமுறை யோசிப்போமாக.

நான்காம் துண்டு: சுகமில்லாமல் வந்த சந்தோஷம்

1877 ஜூன் மாதத்தில் செலி அம்மாள் மூத்த பெண்கள் மூவரோடு லூர்து நகருக்கு யாத்திரை போனாள். புதுமை நடக்கவில்லை. பயணத்தில் அவள் பட்ட தொல்லைகளும் கொஞ்சமல்ல. வீட்டில் கணவர் நல்ல செய்திக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிவந்தபோது, கேட்ட வரம் கிடைத்துவிட்டதோ என்று அவர் ஆச்சரியப்படும்படி அவ்வளவு முகமலர்ச்சியோடு வந்து நின்றாள். அதைக் கண்டு அவருக்கும் தைரியம் பிறந்தது, வீடும் தெளிந்தது. தனக்குச் சுகம் கேட்கப் போனவள், வீட்டாருக்குத் தைரியத்தைக் கொண்டுவந்தாள்.

அந்த வருஷம் ஆகஸ்டு 28-ம் தேதி, நாற்பத்தைந்தாம் வயதில் அவள் மரித்தாள். 2015-ம் வருஷம் அக்டோபர் 18-ம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவளுக்கும் அவள் கணவருக்கும் ஒன்றாக அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார். தம்பதிகள் இருவர் சேர்ந்து இப்பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை.

நமது வீடுகளில்

இதெல்லாம் அந்நிய தேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 2020-ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச் 25-ம் தேதி முதல் கொள்ளை நோயின் காரணமாகத் தேசமெங்கும் ஊரடங்கு. குருத்து ஞாயிறு வந்தது. கையில் குருத்தோலை இல்லை. ஏப்ரல் 12-ல் உயிர்த்த திருநாள் வந்தது. கோவில் கதவு திறக்கவில்லை. பூசையைக் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் கண்டோம்.

அந்த நாட்களில் ஒரு கொத்தனாருடைய வீடு. அவர் வழக்கமாகப் பிள்ளைகள் எழுமுன் வேலைக்குப் போய், அவர்கள் தூங்கியபின் வருகிறவர். இப்போது வேலையில்லை, அரிசிப் பானையும் காலியாகிக்கொண்டிருந்தது. முதல் வாரம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருநாள் மாலை ஜெபமாலை சொல்லும் வேளையில் எட்டு வயது மகன் கேட்டான்: “அப்பா, உங்களுக்கு ஜெபமாலை சொல்லத் தெரியுமா?”

“தெரியாமலென்ன?”

“நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லையே!”

பிள்ளை குற்றஞ்சாட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். அன்று தகப்பனார் ஜெபமாலையைக் கையில் எடுத்தார். இரண்டாம் தேவ இரகசியத்தில் தடுமாறினார். பாட்டி எடுத்துக் கொடுத்தாள், பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்த மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். பிறகு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து கஞ்சியும் துவையலும் சாப்பிட்டார்கள்.

அந்த மாதங்களில் வாங்கிய கடனை அடைக்க அவருக்குப் பின்னால் மூன்று வருஷம் பிடித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை இரவு ஜெபமாலையை அவரே சொல்லுகிறார். நம்மில் பலருக்கு இப்படி ஒரு வீடு தெரியும். சிலருக்கு அது நம் வீடாகவே இருக்கும். அன்று கிடைத்த அந்தத் துண்டு இன்று எங்கே? சேர்த்து வைத்தோமா, அல்லது வேலையும் வண்டியும் ஓடத் தொடங்கியதும் எறிந்துவிட்டோமா?

சில கேள்விகளும் விடைகளும்

*கேள்வி:* என் புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். அதிலும் நன்மையைத் தேடு என்கிறீர்களா?

*விடை:* இல்லை. பாவத்தைப் பொறுமை என்ற பெயரால் மூடக்கூடாது. லெயோனியின் தாய் உண்மையை அறிந்ததும் அதைச் சகித்துக்கொண்டிருக்கவில்லை, பிள்ளையை விடுவித்தாள். நீங்களும் பெற்றோரிடமோ, பங்குச் சுவாமியாரிடமோ, நம்பிக்கையான ஒருவரிடமோ உடனே சொல்லுங்கள். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான அரசாங்க உதவியும் கிடைக்கும். உதவி கேட்பது விசுவாசக் குறைவல்ல.

*கேள்வி:* வீட்டில் மரணம் நடந்து சில நாளே ஆகிறது. எந்தத் துண்டும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையே?

*விடை:* தெரியாவிட்டால் வருந்தவேண்டாம். கண்ணீர் நிறைந்த கண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட காலத்தில் சேர்க்கிற வேலை அக்கம்பக்கத்தாருடையது. நாம் ஒரு பாத்திரம் சோறு கொண்டுபோய்க் கொடுத்தால், நாமே அவர்களுக்கு ஒரு துண்டாகிறோம்.

*கேள்வி:* அற்பக் காரியங்களுக்கெல்லாம் நன்றி சொன்னால் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா?

*விடை:* சிரித்தால் அதுவும் ஒரு துண்டுதானே!

இந்த வாரத்துக்குத் தீர்மானம்

1. இரவு ஜெபமாலை முடிந்ததும், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அன்று கண்ட ஒரு நன்மையைச் சொல்லட்டும். பெரிதாக இருக்கவேண்டியதில்லை. “தம்பி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்” என்றால் போதும். பெரியவர்கள் முதலில் சொல்லிக் காட்டட்டும்.

2. ஒரு நாளாவது அன்றைய கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடன் இருப்பதைத் தகப்பனார் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ளுவார்கள். அவர்கள் வயதுக்கு ஏற்ற அளவில் சொன்னால் பயம் குறையும். சேர்ந்து ஜெபிக்கவும் கற்றுக்கொள்ளுவார்கள்.

3. கண்டதை எழுதிவையுங்கள். செலி அம்மாள் எழுதாதிருந்தால் அந்த வீட்டின் சந்தை நாளை நாம் அறிந்திருக்கமாட்டோம். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறமே போதும். வருஷக் கடைசி நாளில் குடும்பமாக உட்கார்ந்து வாசித்து, சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லுங்கள்.

4. பிள்ளை கூப்பிடும்போது பதில் கொடுங்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கொடுங்கள். வயதான பெற்றோர் கூப்பிடும்போதும் அப்படியே. அவர்களும் ஒவ்வொரு படியாகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரியமானவர்களே, நம்மில் யாருடைய கஷ்டம் எப்போது தீரும் என்று சொல்ல நம்மால் முடியாது. முழு அப்பம் என்று கிடைக்கும் என்பதும் தெரியாது. ஆனால் இன்று இரவு நம் வீட்டுத் தரையில் ஒரு துண்டாவது கிடக்கும். குனிந்து எடுப்போமாக. பன்னிரண்டு கூடைகளும் ஒவ்வொரு துண்டாகத்தான் நிரம்பின.

*குடும்ப ஜெபம்:* நசரேத்தூரில் சூசையப்பரோடும் தேவமாதாவோடும் ஏழ்மையாய் வாழ்ந்த சேசுவே, எங்கள் வீட்டின் கஷ்டத்தை நீர் அறிவீர். அதை நீக்க உமக்குச் சித்தமானால் நீக்கியருளும். நீக்கும்வரை எங்களோடு தங்கியிரும். நீர் எங்கள் நடுவில் விட்டுவைக்கிற சிறு நன்மைகளைக் காணக் கண்ணையும், சேர்க்கக் கையையும், இல்லாதவர்களோடு பங்கிட மனதையும் எங்களுக்குத் தந்தருளும். அர்ச். லூயியே, அர்ச். செலி அம்மாளே, எங்கள் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.